இந்திரஜித் குப்தாவின் தேர்தல் கணக்கு

தேர்தல் வந்துவிட்டால் வேட்பாளர்களின் பிரமாணப் பத்திரங்களைப் படிப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. படிவம் 26 என்று பெயர். கையிருப்பு ரொக்கம், வங்கிக் கடன், மனைவி பெயரில் எத்தனை பவுன், எந்தக் காவல் நிலையத்தில் என்ன வழக்கு, எல்லாம் அதில் இருக்கும். தொழில் என்ற இடத்தில் 'விவசாயம், சமூக சேவை' என்று போட்டிருப்பார்கள். கீழே சொத்துப் பட்டியல் நாலு பக்கம் ஓடும். ஒரே ஆளின் பத்திரங்களை மூன்று தேர்தலுக்குச் சேர்த்துப் படித்தால் ஒரு நாவலே கிடைக்கும்.

இந்தப் பழக்கத்தில்தான் ஒரு நாள் யோசித்தேன். இந்திய மக்களவைக்கு அதிக முறை தேர்ந்தெடுக்கப்பட்டவரின் பத்திரம் எப்படி இருந்திருக்கும்? பதில், அப்படி ஒன்று இல்லவே இல்லை. அவர் பெயர் இந்திரஜித் குப்தா. இந்திய கம்யூனிஸ்ட் கட்சி (சி.பி.ஐ.). 11 முறை மக்களவை உறுப்பினர். அந்தச் சாதனையை இன்றுவரை யாரும் தாண்டவில்லை. வாஜ்பாய், சோம்நாத் சாட்டர்ஜி போன்றவர்கள்கூட மக்களவைக்கு 10 முறைதான். குப்தா 2001 பிப்ரவரி 20 அன்று எம்.பி.யாக இருக்கும்போதே இறந்துபோனார். வேட்பாளர்கள் சொத்து விவரம் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2002 மே மாதம். அதைத் தட்டிக்கழிக்க நாடாளுமன்றம் கொண்டுவந்த சட்டத்தை மறுபடி அடித்துப் போட்டது 2003 மார்ச்சில். ஆக, நாட்டிலேயே நீண்ட தேர்தல் வரலாறு கொண்ட எம்.பி.யின் சொத்துக் கணக்கு எந்தத் தேர்தல் அலுவலரின் கோப்பிலும் கிடையாது.

அதனால் பெரிய இழப்பு ஒன்றுமில்லை, அவரிடம் என்ன இருந்திருக்கப் போகிறது என்று உங்களில் சிலர் சொல்வது கேட்கிறது. அதுவும் சரிதான். ஆனால் நான் எழுத வந்தது அவர் சொத்தைப் பற்றி அல்ல. தேர்தலுக்கு யார் பணம் கொடுப்பது என்ற கேள்வியை இந்திய அரசு ஒரு கட்டத்தில் இவர் கையில்தான் கொடுத்தது. அவர் எழுதிக் கொடுத்த பதில் என்னவாயிற்று, அவர் கட்சி என்னவாயிற்று என்பதைச் சேர்த்துப் பார்த்தால், நல்ல மனிதர்கள் அரசியலுக்கு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை எனக்குக் கொஞ்சம் ஆட்டம் காண்கிறது.

முதலில் ஆளைப் பற்றி. 1919இல் கல்கத்தாவில் பிறந்தவர். தாத்தா ஐ.சி.எஸ். அதிகாரி, அண்ணனும் ஐ.சி.எஸ். டெல்லி செயின்ட் ஸ்டீபன்ஸ், பிறகு கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி. நம் பக்கத்து மோகன் குமாரமங்கலம், பார்வதி கிருஷ்ணன் எல்லாம் இங்கிலாந்துக்குப் படிக்கப் போய் கம்யூனிஸ்டாகத் திரும்பினார்கள் இல்லையா, அதே தலைமுறை. ஊர் திரும்பியதும் சணல் ஆலைத் தொழிலாளர்களிடையே சங்க வேலை. 1948இல் வங்காளத்தில் கட்சி தடை செய்யப்பட்டபோது தலைமறைவு. 1960இல் கல்கத்தா தென்மேற்குத் தொகுதி இடைத்தேர்தலில் முதல் வெற்றி. அப்புறம் அலிப்பூர், பசீர்ஹாட், கடைசியாக மிட்னாப்பூர். எல்லாமே மேற்கு வங்கத் தொகுதிகள்.

இடையில் ஒரே ஒரு மக்களவையில் அவர் இல்லை. 1977இல் தோற்றார். நெருக்கடி நிலையை அவர் கட்சி ஆதரித்தது; அதற்கான விலை. அவருக்கு எழுதப்பட்ட அஞ்சலிகளில் பலவும் இதை ஒரு வரியில் தாண்டிப் போகின்றன. எனக்கு அப்படித் தாண்ட மனம் வரவில்லை. எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில் இருந்தபோது, பத்திரிகைகளுக்குத் தணிக்கை இருந்தபோது, ஆளும் தரப்போடு நின்ற கட்சியின் முன்னணித் தலைவர் அவர். ஒரு எம்.பி.யின் வரலாறு என்றால் அதுவும் சேர்ந்ததுதான்.

1980இல் திரும்பி வந்தவர் பிறகு தோற்கவே இல்லை. கட்சியின் தொழிற்சங்கமான ஏ.ஐ.டி.யு.சி.யின் பொதுச் செயலாளர், கட்சியின் பொதுச் செயலாளர், சிறந்த நாடாளுமன்றவாதி விருது. ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் புது உறுப்பினர்களுக்குப் பதவிப் பிரமாணம் செய்து வைக்கத் தற்காலிக சபாநாயகர் ஒருவர் வேண்டுமே, 1991, 96, 98, 99 நான்கு முறையும் இவர்தான். மூத்தவர் என்பதற்காக.

1996 ஜூனில் தேவகவுடா அமைச்சரவையில் உள்துறை அமைச்சர். ஒரு காலத்தில் இவரைத் தேடிய காவல்துறை இவர் வாசலில் காவலுக்கு நின்றது. சி.பி.எம். அந்த ஆட்சியில் சேர மறுத்த நிலையில் சி.பி.ஐ. சேர்ந்தது. உத்தரப் பிரதேசம் அப்போது குடியரசுத் தலைவர் ஆட்சியில் இருந்தது. அதாவது நேரடியாக உள்துறையின் பொறுப்பு. அந்த மாநிலம் அராஜகத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது என்று உள்துறை அமைச்சரே சபையில் சொன்னார். ஆளும் தரப்பு திணறியது. இப்படி ஓர் அமைச்சர் தன் துறையின் தோல்வியைத் தன் வாயாலேயே அறிவித்த சம்பவம் வேறு எதுவும் சட்டென்று எனக்கு நினைவுக்கு வரவில்லை. அது நேர்மையா, இல்லை எதிர்க்கட்சி வரிசையிலேயே முப்பது வருடம் உட்கார்ந்த பழக்கதோஷமா என்று கேட்டால், இரண்டும் என்பேன். நிர்வாகத்தில் அவர் பெரிதாகச் சாதித்தார் என்று சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

அவரைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் சொல்லும் கதை ஒன்று உண்டு. அமைச்சரான பிறகும் பங்களா வேண்டாம் என்று டெல்லி வெஸ்டர்ன் கோர்ட்டில் எம்.பி.க்களுக்கான இரண்டு அறைக் குடியிருப்பிலேயே இருந்தாராம். காமராஜர், கக்கன், ஜீவா என்று நமக்கும் இந்த மாதிரிக் கதைகள் பழக்கம். கேட்கும்போது கண் கலங்கும். எனக்கும் கலங்கியிருக்கிறது. ஆனால் அண்மைக் காலமாக இந்தக் கதைகள் என்னை ஒருவிதமாக எரிச்சலூட்டுகின்றன. அவர் எங்கே தூங்கினார் என்பது தெரிகிறது, அவருடைய சுவரொட்டிக்குக் காசு யார் கொடுத்தார்கள் என்பது தெரியவில்லையே. எளிமையாக வாழ்ந்த தலைவர்களின் கட்சிகளும் தேர்தலுக்கு ஜீப் ஓட்டின, பந்தல் போட்டன, அச்சகத்துக்குப் பணம் கட்டின.

குப்தா விஷயத்தில் பதில் ஓரளவு தெரிந்ததுதான். கம்யூனிஸ்ட் எம்.பி.க்கள் சம்பளத்தைக் கட்சியிடம் ஒப்படைத்துவிட்டு, கட்சி தரும் படியில் வாழ்வது வழக்கம். உறுப்பினர்களுக்கு லெவி, அதாவது வருமானத்தில் கட்சிக்குக் கட்டும் பங்கு. தொழிற்சங்கச் சந்தா. தெருமுனையில் உண்டியல், சிவப்புத் துண்டு விரித்து வசூல். இதெல்லாம் ரூபாயில் வந்த பணம். இதைவிடப் பெரியது ரூபாயில் வராதது. ஷிப்ட் முடிந்து வந்து சுவரெழுத்து எழுதிய ஆலைத் தொழிலாளி, வாக்காளர் பட்டியலைக் கையால் பிரதி எடுத்த பள்ளி ஆசிரியர், விடிய விடிய பூத்தில் உட்கார்ந்த முழுநேர ஊழியர். இவர்களுக்கெல்லாம் கூலி கொடுக்க வேண்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தேர்தல் செலவுக் கணக்கில் இந்த உழைப்பு ஏறுவதே இல்லை. சொந்தபந்தம் நிறைய இருக்கும் கல்யாண வீட்டில் பந்தி பரிமாற ஆள் பிடிக்க வேண்டாம். உறவு குறையக் குறைய கேட்டரிங்காரரின் பில் ஏறும். இடதுசாரிக் கட்சிகள் குறைந்த செலவில் ஜெயித்ததற்கு ஒழுக்கம் ஒரு காரணம் என்றால், ஆள்பலம் இன்னொரு காரணம். இரண்டாவது காரணத்தை நாம் சௌகரியமாக மறந்துவிட்டு முதலாவதையே போற்றிக்கொண்டிருக்கிறோம்.

இனி சட்டத்தின் பக்கம் வருவோம். குப்தா முதலில் ஜெயித்த காலத்தில் பெரும்பாலான மாநிலங்களில் ஒரு மக்களவை வேட்பாளர் செலவழிக்கக்கூடிய உச்சவரம்பு 25,000 ரூபாய். 1971இல் 35,000. 1979இல் 1 லட்சம். 84இல் ஒன்றரை லட்சம். 94இல் நாலரை லட்சம். அவர் கடைசியாக நின்ற 1999 தேர்தலில் 15 லட்சம். பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தால் இதில் பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. வேடிக்கை எங்கே இருக்கிறது என்றால், இந்த உச்சவரம்பு யாரைக் கட்டுப்படுத்துகிறது என்பதில்.

1971 தேர்தலில் டெல்லி சதர் தொகுதியில் ஜெயித்த காங்கிரஸ் வேட்பாளர் அமர்நாத் சாவ்லாவை எதிர்த்து கன்வர்லால் குப்தா வழக்குப் போட்டார். 1974 அக்டோபர் தொடக்கத்தில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: வேட்பாளருக்காகக் கட்சி செய்த செலவு, அவருக்குத் தெரிந்து, அதன் பலனை அவர் அனுபவித்திருந்தால், அதுவும் அவர் கணக்கில்தான் சேரும். நியாயமான தீர்ப்பு. சாவ்லாவின் வெற்றி செல்லாது என்றாகிவிட்டது. அரசு என்ன செய்தது? அந்த மாதமே அவசரச் சட்டம். கட்சியோ நண்பர்களோ செய்யும் செலவு வேட்பாளர் செலவாகக் கருதப்படாது என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 77ஆம் பிரிவில் ஒரு விளக்கம் சேர்ந்தது. அப்போது அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் ராஜ்நாராயண் தொடுத்த தேர்தல் வழக்கு இந்திரா காந்தியின் மேல் நடந்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள். அன்றிலிருந்து உச்சவரம்பு என்பது முன்வாசலில் பூட்டு, பின்வாசல் திறந்த வீடு. 2003இல் அந்த விளக்கத்தைச் சுருக்கினார்கள். நட்சத்திரப் பேச்சாளர்களின் பயணச் செலவுக்கு விலக்கு என்று ஆனது. ஆனால் ஒரு கட்சி பொதுவாகத் தனக்காகச் செய்யும் பிரசாரத்துக்கு உச்சவரம்பு அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

கம்பெனிகள் கட்சிகளுக்குக் கொடுக்கும் நன்கொடை இன்னொரு கதை. டாடா இரும்பு ஆலை கட்சிகளுக்கு நிதி தர வசதியாகத் தன் விதிகளைத் திருத்தக் கேட்டபோது, 1957இலேயே பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி சாக்ளா அனுமதித்துக்கொண்டே எச்சரித்தார்: இது ஜனநாயகத்தையே நெரித்துவிடும் ஆபத்து உள்ள வழக்கம் என்று. 1969இல் இந்திரா அரசு கம்பெனி நன்கொடைக்கு முழுத் தடை விதித்தது. ராஜாஜியின் சுதந்திராக் கட்சிக்குத் தொழிலதிபர்கள் பணம் கொடுப்பதை நிறுத்துவதுதான் நோக்கம் என்று அன்றே பேச்சு. தடை போட்டார்கள், அரசு தரும் நிதி என்று மாற்று வழி எதுவும் வைக்கவில்லை. விளைவாகப் பணம் காசோலையிலிருந்து சூட்கேஸுக்கு மாறியது. 1985இல் தடையை நீக்கினார்கள். அதற்குள் சூட்கேஸ் பழகிவிட்டது.

இந்தப் பின்னணியில்தான் 1998 மே 22 அன்று உள்துறை அமைச்சர் அத்வானி கூட்டிய அனைத்துக் கட்சிக் கூட்டம். தேர்தல் செலவை அரசே ஏற்பது பற்றி ஆராய ஒரு குழு; தலைவர் இந்திரஜித் குப்தா. வாஜ்பாய் ஆட்சி, ஆனால் தலைவர் ஒரு கம்யூனிஸ்ட், சில மாதங்களுக்கு முன்புவரை அதே உள்துறையில் உட்கார்ந்திருந்தவர். உறுப்பினர்களில் மன்மோகன் சிங், சோம்நாத் சாட்டர்ஜி, விஜய் குமார் மல்ஹோத்ரா உண்டு. இன்றைக்கு இப்படி ஒரு குழுவைக் கற்பனை செய்துபார்க்கவே முடியவில்லை, அது வேறு விஷயம்.

அறிக்கையின் அடிப்படை வாதம் எனக்குப் பிடித்தது. ஊழல் ஒழிப்பு என்ற இடத்திலிருந்து மட்டும் அது பேசவில்லை. கையில் காசு குறைவாக உள்ள கட்சியும், காசு கொழிக்கும் கட்சியோடு போட்டி போடக்கூடிய நிலையை உண்டாக்க அரசு உதவலாம், அதற்கு அரசியல் சாசனப்படியும் சட்டப்படியும் பொதுநலன் நோக்கிலும் நியாயம் இருக்கிறது என்றது. பரிசுத்தம் பற்றிய பேச்சாக இல்லாமல் போட்டி பற்றிய பேச்சாகப் பிரச்சினையை மாற்றியது. ஆலை வாசலில் நின்று முதலாளியையும் தொழிலாளியையும் பார்த்தவருக்கு இது இயல்பாக வந்திருக்கும்.

எப்படிக் கொடுப்பது? ரொக்கமாகத் தராதீர்கள், பொருளாகக் கொடுங்கள். வண்டிக்கு இவ்வளவு பெட்ரோல் டீசல், சுவரொட்டிக்கும் பிரசுரத்துக்கும் காகிதம், தபால் தலை, வாக்காளர் பட்டியல், ஒலிபெருக்கி, தூர்தர்ஷனிலும் வானொலியிலும் இலவச நேரம், கட்சித் தலைமையகத்துக்கு வாடகையில்லா இடம், தொலைபேசி. ஒரு வாக்காளருக்கு 10 ரூபாய் வீதம், அன்றைய 60 கோடி வாக்காளர்களுக்கு ஆண்டுக்கு 600 கோடியை மத்திய அரசு ஒரு தனி நிதியில் போட வேண்டும். மாநிலங்கள் சேர்ந்து அதே அளவு இன்னொரு 600 கோடி. கட்சிகள் வருமான வரிக் கணக்கு ஒழுங்காகத் தாக்கல் செய்ய வேண்டும், தேர்தல் செலவுக் கணக்கை முழுமையாகத் தர வேண்டும், 10,000 ரூபாய்க்கு மேல் உள்ள நன்கொடையைக் காசோலையாகவோ வரைவோலையாகவோ மட்டுமே வாங்க வேண்டும்.

பட்டியலைப் படிக்கும்போது ஒரு பழைய தொழிற்சங்கத் தலைவரின் கை தெரிகிறது. காகிதம், டீசல், மைக் செட். ஒரு மாநாடு நடத்தப் பொறுப்பாளர் போடும் பட்ஜெட் மாதிரியே இருக்கிறது. அதுதான் அதன் பலவீனமும். ஏனென்றால் 1998இலேயே தேர்தல் செலவு மைக் செட்டைத் தாண்டிவிட்டது. வாக்குக்குக் கொடுக்கும் பணத்தை எந்த அரசு பொருளாகத் தர முடியும்? 2016இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் பணப் பட்டுவாடாவால் தேர்தலைத் தள்ளிவைத்தார்கள். 2017இல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் ரத்து. 2019இல் வேலூர் மக்களவைத் தேர்தலே ரத்து. இந்தப் பட்டியல் எழுத நமக்கு வேறு மாநிலத்துக்குப் போக வேண்டியதில்லை. அரசு தரும் காகிதத்தையும் டீசலையும் வாங்கிக்கொண்டு, மிச்சமான சொந்தக் காசைக் கவரில் போட்டுக் கொடுப்பதை அறிக்கை எப்படித் தடுக்கும்? தேர்தல் ஆணையமும் பின்னாளில் அரசு நிதிக்கு எதிராக இதையேதான் சொன்னது: அரசு கொடுப்பதற்கு மேல் வேட்பாளர்கள் செலவழிப்பதை எங்களால் தடுக்க முடியாது.

இன்னொரு குறையும் உண்டு. அங்கீகரிக்கப்பட்ட தேசிய, மாநிலக் கட்சிகளுக்கு மட்டுமே நிதி, சுயேச்சைகளுக்குக் கிடையாது. நிர்வாக வசதிக்கு இது சரி. காசுக்காகவே சுயேச்சையாக நிற்கும் கூட்டம் ஒன்று உருவாகிவிடும் என்ற பயமும் புரிகிறது. ஆனால் ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் சாப்பாடு, புதிதாக வருபவர் வாசலில் நிற்கட்டும் என்றுதான் இதன் அர்த்தம். உள்ளே இருப்பவர்கள் சேர்ந்து எழுதிய அறிக்கை இப்படித்தானே இருக்கும்.

சரி, அறிக்கை என்ன ஆயிற்று? அடுத்தடுத்து மற்றவர்களும் பேசினார்கள். 1999இல் சட்ட ஆணையம் கிட்டத்தட்ட ஆமோதித்தது, ஆனால் கட்சிகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் முதலில் வேண்டும் என்றது. 2007இல் நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் பகுதி அளவில் சம்மதித்தது. 2015இல் இன்னொரு சட்ட ஆணையம் முழு அரசு நிதி நடைமுறைக்கு ஆகாது என்றது. 2003 சட்டத் திருத்தத்தில் ஒன்றிரண்டு துளிகள் சேர்ந்தன: வேட்பாளருக்கு இலவச வாக்காளர் பட்டியல், ஊடக நேரத்தைப் பகிர்வது, 20,000 ரூபாய்க்கு மேல் வரும் நன்கொடைகளைக் கட்சிகள் தேர்தல் ஆணையத்திடம் தெரிவிப்பது. கூடவே கம்பெனிகள் தரும் நன்கொடைக்கு வரிச் சலுகை. பெட்ரோலும் காகிதமும் வரவே இல்லை.

வந்தது தேர்தல் பத்திரம்: ஸ்டேட் வங்கியில் வாங்கி, கொடுப்பவர் பெயர் வெளியே தெரியாமல் கட்சிக்குக் கொடுக்கும் நன்கொடைச் சீட்டு. 2017 நிதி மசோதாவோடு சட்டமாகி 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. கம்பெனி தன் மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 7.5 சதவீதம்தான் கொடுக்கலாம் என்ற வரம்பு போயிற்று. யாருக்குக் கொடுத்தோம் என்று கணக்கில் காட்டும் கடமையும் போயிற்று. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்யும்வரை விற்ற பத்திரங்களின் மதிப்பு 16,518 கோடி ரூபாய். பெயர்கள் வெளியானபோது முதலிடத்தில் இருந்தது கோவையிலிருந்து இயங்கும் லாட்டரி நிறுவனமான ஃபியூச்சர் கேமிங்: 1,368 கோடி. அதில் 509 கோடி தி.மு.க.வுக்கு. மொத்தத்தில் பா.ஜ.க.வுக்கு 6,000 கோடிக்கு மேல். குப்தாவின் கட்சியும் சி.பி.எம்.மும் பத்திரம் வாங்கவில்லை. சி.பி.எம். வழக்கே போட்டது. இதற்காக அவர்களை மனதாரப் பாராட்டலாம்.

இங்கேயே கட்டுரையை முடித்திருந்தால் குப்தாவின் ஆவி நிம்மதியாக இருந்திருக்கும். ஆனால் 2019 செப்டம்பரில் இன்னொரு கணக்கு வெளிவந்தது. மக்களவைத் தேர்தல் செலவு பற்றி தி.மு.க. தேர்தல் ஆணையத்திடம் கொடுத்த அறிக்கையில், கூட்டணிக் கட்சிகளுக்குக் கொடுத்த தொகை இருந்தது. சி.பி.ஐ.க்கு 15 கோடி. சி.பி.எம்.முக்கு 10 கோடி. கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சிக்கு 15 கோடி.

இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளும் இதில் ஒளிவு மறைவு இல்லை, வங்கி வழியாக வந்தது, கணக்கில் இருக்கிறது என்றன. உண்மைதான். சட்டம் மீறப்படவில்லை. அதைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். அந்தத் தேர்தலில் சி.பி.ஐ. தமிழ்நாட்டில் நின்றது இரண்டு தொகுதிகளில், திருப்பூர், நாகப்பட்டினம். ஒரு வேட்பாளருக்கு உச்சவரம்பு அப்போது 70 லட்சம். இரண்டு பேருக்கும் சேர்த்து 1 கோடியே 40 லட்சம். வந்தது 15 கோடி. இரண்டு வேட்பாளர்களும் தங்கள் உச்சவரம்புக்குள்ளேயே நின்றிருக்கலாம், கட்சியும் 15 கோடியைச் சட்டப்படியே செலவழித்திருக்கலாம். 1974இல் திறந்துவிட்ட பின்வாசல் இன்னும் அத்தனை அகலமாக இருக்கிறது. அந்த இரண்டு இடங்களிலும் சி.பி.ஐ. ஜெயித்தது. நாடு முழுவதும் அந்தத் தேர்தலில் அந்தக் கட்சிக்குக் கிடைத்த எம்.பி.க்கள் அந்த இரண்டே பேர்.

அந்த வேட்பாளர்கள் மேல் எனக்கு எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. இருவரும் மக்களோடு இருந்தவர்கள், எளிமைக்குப் பேர் போனவர்கள், குப்தாவின் மரபில் வந்தவர்கள்தான். பிரச்சினையே அதுதான். தனிமனிதர்கள் அப்படியே இருக்கிறார்கள். அவர்களைச் சுமக்கும் தேர்தலுக்கான பணம் வேறொருவர் கையிலிருந்து வருகிறது. கொடுக்கும் கட்சி கேட்டால் இல்லை என்று சொல்லும் துணிவு, தொகுதிப் பங்கீட்டு மேசையில் வாங்கும் கட்சிக்கு எவ்வளவு இருக்கும்? தூய்மைப் பணியாளர் போராட்டமோ, ஆலைப் பிரச்சினையோ, கூட்டணி அரசை எதிர்த்துக் கொடி பிடிக்க வேண்டிய இடத்தில் எவ்வளவு சத்தமாகப் பிடிப்பார்கள்? பிடிக்கவே மாட்டார்கள் என்று நான் சொல்லவில்லை, பிடித்தும் இருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அந்த 15 கோடி விமர்சகர்களின் வாயில் வந்து நிற்கிறது என்பதும் உண்மை.

1999இல் குப்தா குழுவின் அறிக்கையை அமல்படுத்தியிருந்தால் இது தவிர்ந்திருக்குமா? கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2024இல் வாக்காளர்கள் ஏறத்தாழ 97 கோடி. அதே 10 ரூபாய் வீதம் மத்திய, மாநில அரசுகள் இரண்டும் சேர்ந்து ஆண்டுக்கு 1,940 கோடி. ஐந்தாண்டில் 9,700 கோடி. விலைவாசிக்கு ஏற்ப 10 ரூபாயை ஏற்றினால் இன்னும் பல மடங்கு. தேர்தல் பத்திரங்களில் ஆறு ஆண்டுகளில் புரண்டது 16,518 கோடி என்பதோடு ஒப்பிட்டால் இது அரசால் தாங்க முடியாத தொகையே அல்ல. பெரிய கட்சிகளின் சூட்கேஸ் நின்றிருக்காது. ஆனால் சிறிய கட்சி, பெரிய கட்சியிடம் டீசலுக்குக் கை நீட்டாமல் இருந்திருக்கும். அறிக்கையின் மூல வாதமே அதுதானே. அந்த அளவுக்கு அது இன்றும் செல்லும் என்பது என் வாதம்.

நான் மாற்றி எழுதுவதாக இருந்தால் இரண்டு இடத்தில் கை வைப்பேன். கட்சியின் மொத்தச் செலவுக்கும் உச்சவரம்பு. ஒரு கட்சி இன்னொரு கட்சிக்குக் கொடுப்பதையும் அதற்குள் எண்ண வேண்டும். பிறகு, அங்கீகாரம் பெற்ற கட்சிக்குத்தான் என்ற நிபந்தனையை எடுத்துவிட்டு, வாங்கிய வாக்குக்கு ஏற்ப என்று மாற்றுவேன்.

இரண்டாவது திருத்தம் வேறு யாருக்கு இல்லாவிட்டாலும் குப்தாவின் சொந்தக் கட்சிக்கு உதவும். 2023 ஏப்ரலில் தேர்தல் ஆணையம் சி.பி.ஐ.யின் தேசியக் கட்சி அங்கீகாரத்தை எடுத்துவிட்டது. மாநிலக் கட்சி என்ற அந்தஸ்து மிஞ்சியது கேரளம், தமிழ்நாடு, மணிப்பூர் ஆகிய மூன்று மாநிலங்களில். அறிக்கையை எழுதியபடியே இன்று அமல்படுத்தினால், அவர் 11 முறை ஜெயித்த மேற்கு வங்கத்தில் அவர் கட்சிக்கு ஒரு லிட்டர் டீசல்கூடக் கிடைக்காது.